புறங்கையால் தொட்டு விற்ற கிதார்ப் பெட்டிகள்

வீட்டில் வைத்துப் பழகுவதற்குச் சின்ன கிதார் ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவர், தான் சத்தம் வாங்குவதாக நினைத்துக்கொண்டு வருவார். கூடவே கொஞ்சம் கரண்ட்டையும் கட்டிக் கொடுக்கிறோம் என்பது விற்கிறவனுக்குத்தான் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அந்தப் பெட்டிகளை விற்றுக்கொண்டிருந்தேன். எனக்குக் கரண்ட் என்றால் பயம். ஏதோ கூச்சம், தயக்கம் என்று சொல்லி மழுப்ப விரும்பவில்லை, பயம்தான். எழுமலையில் எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் என் சித்தப்பா ஈரக்கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டார். சின்னப் பையனாக நான் வாசலில் நின்றிருந்தேன். தொட்ட கையை அவரால் எடுக்க முடியவில்லை. யாரோ ஓடிவந்து கட்டையால் தட்டிவிட்டார்கள். கீழே விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாசலில் நின்ற நான் ஓர் அடிகூட முன்னால் எடுத்து வைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்படிப்பட்டவனுக்கு ஆம்ப்ளிஃபயர் கடையில் வேலை கிடைத்தது. சுவிட்சைப் போடுவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிறவர்களே, மழைக்காலத்தில் டேபிள் ஃபேனைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறவர்களே, நம்முடைய கூட்டத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். தைரியசாலிகள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

தொட்டுக் காட்டு

கடை முதலாளி ஞானமுத்து பெட்டிகளை அவரே செய்வார். பிளைவுட் கூடு, மேலே கறுப்பு ரெக்சின், உள்ளே டிரான்ஸ்பார்மரும் டிரான்சிஸ்டர் போர்டும், முன்னால் ஒரு சின்ன ஸ்பீக்கர். நல்ல பெட்டிதான். ஆனால் ரேடியோவுக்கும் கிதார்ப் பெட்டிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ரேடியோவைத் திருகிவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கேட்கலாம். கிதார் வாசிக்கிறவர் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கம்பி வயர் வழியாகப் பெட்டிக்குள் போர்டைத் தாங்கும் தகரத்தோடு சேர்ந்தது. தகரத்தில் கரண்ட் கசிந்தால் அது நேரே அவர் விரலுக்கு வந்துவிடும்.

அதனால் முதலாளி ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாங்குகிறவர் கண் முன்னால் தொட்டுக் காட்டாமல் எந்தப் பெட்டியும் கடைப்படி இறங்கக் கூடாது. முதலில், கரண்ட் இருந்தால் விளக்கு எரிகிற டெஸ்டரை வைத்துப் பார்ப்போம். அதற்கப்புறம் விற்பனையாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கடை வாசலில் மண்ணுக்குள் இறங்கும் கார்ப்பரேஷன் குழாயில் முழங்கையைச் சாய்த்துக்கொண்டு, மறு கையால் கிதார்க் கம்பியைத் தொட வேண்டும். பிளக்கை நேராகச் சொருகி ஒரு தடவை, திருப்பிச் சொருகி ஒரு தடவை. வீட்டில் எவர் எப்படிச் சொருகுவார் என்று நமக்குத் தெரியாதல்லவா?

முதல் நாளே எனக்குள் ஒரு எண்ணம் உட்கார்ந்துவிட்டது. நான் கட்டிக் கொடுத்த பெட்டியால் எந்த வீட்டிலாவது ஒருவர் விழுந்தால், அந்த மோட்டார் ரூம் வாசலில் நான் இரண்டாவது தடவை நின்றதாக ஆகிவிடும். இதை முதலாளியிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, குழாயில் சாய்ந்து, விரலை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னாலிருந்து அவர் பொறுமையாகச் சொன்னார்: “புறங்கையால தொடு தம்பி. உள்ளங்கைன்னா அது நம்மளப் புடிச்சுக்கிரும். புறங்கைன்னா ஒதறி விட்டுரும்.”

சத்தம் வராத பெட்டி

எல்லாரும் என்னைப்போலக் கரண்ட்டுக்குப் பயந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ஸ்டோர் வீட்டில் குடியிருந்த கிளார்க் ஒருவர் வந்தார். வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் பொது முற்றம், மாடியில் வீட்டுக்காரர். இருப்பதிலேயே சின்னப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். கிதாரைச் சொருகி ஒரே ஒரு கம்பியைத் தட்டினார். தட்டியதும் கடை என்பதை மறந்து அண்ணாந்து பார்த்தார்.

வால்யூமைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். இன்னும் என்றார். கடைசியில் கம்பியின் சத்தம்தான் கேட்டதே தவிரப் பெட்டியின் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பெட்டி எதற்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெட்டியைச் சுவரில் சாய்க்காமல், தலையணை மேல் முகம் மேலே பார்க்கிற மாதிரி வைத்தால் தரை வழியாகச் சத்தம் போகாது என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு தலையணை போதுமா, இரண்டு வேண்டுமா என்று கவலையாகக் கேட்டார். பணம் கட்டிவிட்டுப் பெட்டியைத் துணியில் சுற்றி, திருட்டுச் சாமானைப்போல இடுக்கிக்கொண்டு போகும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “எனக்கு மட்டும் கேட்டாப் போதும்ணே. மாடிக்குக் கேட்டுச்சுன்னா நானும் கிதாரும் தெருவுலதான்.”

ஊர்க்காரர்

எங்கள் ஊர் காசி மாமா ஒரு நாள் கடைக்கு வந்தார். காலேஜில் படிக்கும் அவர் மகன் கிதார் பழகுகிறான், அவனுக்குப் பெட்டி வேண்டும். பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மாமாவுக்கு மாடு பிடிக்கிற கணக்குத்தான். தூக்கிக் கனம் பார்த்தார், முதுகைத் தட்டினார், திருகுகிற குமிழ்களை எண்ணினார். கனமான பெட்டிதான் உழைக்கும் என்றார். அந்தக் கனம் டிரான்ஸ்பார்மருடையது, அதனால் அவர் சொன்னதும் தப்பில்லை.

பிறகு தொட்டுக் காட்டும் நேரம் வந்தது. நான் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தார். குழாயில் சாய்ந்ததைப் பார்த்தார். சித்தப்பாவைக் கட்டையால் தட்டிவிட்ட ஆள் அவர்தான். என் கை கம்பியை நோக்கிப் போனபோது குறுக்கே வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ தொடாத மாப்ள. வேற ஆளு தொடட்டும். ஒங்கப்பனுக்கு இன்னொருக்கா என்னால பதில் சொல்ல முடியாது.”

சிலிர்ப்பு

திருவிழாக் கச்சேரிகளில் கிதார் வாசிக்கும் ராஜபாண்டி பழைய வால்வு ரேடியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிராமஃபோன் மாட்டுவதற்காக அந்தக் கால ரேடியோக்களின் முதுகில் இரண்டு ஓட்டை இருக்கும். அதில் கிதார் வயரைச் சொருகினால் ரேடியோவே ஆம்ப்ளிஃபயர் ஆகிவிடும். வீட்டில் அதில்தான் வாசிக்கிறார், சத்தம் தேன் மாதிரி இருக்கிறது, கரகரப்பை மட்டும் சரி செய்ய வேண்டும் என்றார்.

முதலாளி முதுகு அட்டையைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே டிரான்ஸ்பார்மர் இல்லை. வீட்டுக் கரண்ட் நேராகத் தகரத்துக்கே வருகிற மாதிரிச் செய்யப்பட்ட ரேடியோ அது. மரக்கூட்டுக்குள் பூட்டி வைத்து, குமிழை மட்டும் திருகிப் பாட்டுக் கேட்கிற வரைக்கும் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. அதில் கிதாரை மாட்டினால் கதை வேறு. பிளக்கைச் சொருகிக் கிதார்க் கம்பியில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் இருந்த சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது.

வீட்டில் எதில் உட்கார்ந்து வாசிப்பீர்கள் என்று ராஜபாண்டியிடம் கேட்டேன். கயிற்றுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்றார். அந்தக் கட்டில்தான் அவரை இத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறது என்று முதலாளி விளக்கினார். ராஜபாண்டி டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிதாரைக் குழந்தையை இறக்குகிற மாதிரி மெதுவாகக் கீழே வைத்தார்.

“வாசிக்கும்போது ஒடம்பெல்லாம் சிலிர்க்கும்ணே. பாட்டுக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

கிரேஸ் கேட்ட கேள்வி

மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்த தேவசகாயம் சார் தன் மகள் கிரேஸைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனையூர் வீட்டில் பழகுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். வாத்தியார் பெரிய ஸ்பீக்கர் வைத்த பெட்டியைத்தான் பார்த்தார். பின்னால் சர்ச்சுக்கும் ஆகுமே என்றார். கிரேஸ் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பெரிய பெட்டி வால்யூமைக் குறைத்தால் செத்துப்போகிறது, சின்னப் பெட்டியில்தான் மெதுவாக வாசித்தாலும் விரல் தப்பு தெரிகிறது என்றாள். வீட்டுக்கு வாங்குகிறவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்கள் ரொம்பக் குறைவு.

தொட்டுக் காட்டினேன். ராஜபாண்டியின் ரேடியோ வந்து போன வாரம் அது. கை நடுங்கியது. மறைக்கப் பார்த்தேன், தோள்வரை நடுங்கியது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை, நேராகவும் திருப்பியும் சொருகிப் பார்த்தாகிவிட்டது. கிரேஸ் என் கையையும் பார்த்தாள், கீழே வெறுங்காலையும் பார்த்தாள். செருப்பை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டாள். ரப்பர் செருப்பு போட்டிருந்தால் கரண்ட் இருந்தாலும் தெரியாது, வெறுங்காலில் நின்றால்தான் நிஜம் தெரியும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள்.

மூன்று பின் பிளக்கைக் காட்டி, இந்த மூன்றாவது பின் எர்த்துக்குப் போகிறது, அதைக் கழற்றிவிடாதீர்கள் என்று வாத்தியாரிடம் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு முதலாளியைப் பார்த்துச் சொன்னார்: “பயந்தாங்கொள்ளிய வச்சுக் கரண்ட்டு சாமான் விக்கிறீகளே சார், வாங்குறவனுக்கு எப்படி நம்பிக்கை வரும்?”

சிரித்துக்கொண்டே

மகள் கேட்ட சின்னப் பெட்டியை வாத்தியார் வாங்கிப்போன அன்று சாயந்திரம் முதலாளி என்னை உட்காரவைத்துப் பேசினார். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தொடுவது வாங்குகிற ஆளுக்குத் தைரியம் கொடுப்பதற்காக, நீ தொட்டால் ஆள் ஓடிவிடுகிறான், இப்படியே போனால் உன்னைப் பெட்டிக்கு ரெக்சின் ஒட்டத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்றார். சிரித்துக்கொண்டே தொடு என்றார்.

கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். மறுநாள் பசுமலையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குச் சிரித்துக்கொண்டே தொட்டுக் காட்டினேன். சிரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மா வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்னண்ணே பல்லக் கடிக்கிறீக, அடிக்குதா?”

கப்பலூர் தைரியசாலி

தேவசகாயம் சார் பெட்டி வாங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் ஓர் ஆள் கிதார்க் கம்பி ஒரு செட் வாங்க வந்தார். கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஃபிட்டர், பெயர் எட்வின், வாத்தியாரின் மச்சான். அக்கா மகள் கிரேஸுக்காகத்தான் கம்பி. நானாகத்தான் கேட்டேன், பெட்டி எப்படி ஓடுகிறது என்று.

முதலில் ஒரே இரைச்சலாக இருந்தது என்றார் எட்வின். ஆனையூர் வீட்டில் இரண்டு ஓட்டை பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது, எர்த்தே இல்லை. அதனால் நம் மூன்று பின் பிளக்கை வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு பின் பிளக் மாட்டியிருக்கிறார். இரைச்சல் வந்தது அதில்தான். மிச்சமிருந்த எர்த் வயரை வீணாக விடுவானேன் என்று மற்ற இரண்டு வயரில் ஒன்றோடு சேர்த்து முறுக்கிவிட்டார். இரைச்சல் போயே போய்விட்டது. எப்போதாவது வரும், வந்தால் பிளக்கைக் கழற்றித் திருப்பிச் சொருகினால் போய்விடும், அதைக் கிரேஸுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னார்.

எர்த் வயர் பெட்டியின் தகரத்தில் கட்டப்பட்டது. அதை வேறொரு வயரோடு முறுக்கினால், பிளக் ஒரு பக்கமாகச் சொருகியிருக்கும்போது ஒன்றும் ஆகாது. மறு பக்கமாகச் சொருகினால் வீட்டுக் கரண்ட் முழுசும் தகரத்துக்கு வந்து, தகரத்திலிருந்து கம்பிக்கு வந்து, கம்பியிலிருந்து அந்தப் பெண்ணின் விரலுக்கு வந்துவிடும். இரைச்சல் வருகிற நேரம்தான் கரண்ட் வருகிற நேரம். அதைத்தான் இவர் பிளக்கைத் திருப்பு என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார்.

பிளக்கை அடிக்கடி கழற்றுவார்களா என்று கேட்டேன். இருப்பது ஒரே பாயிண்ட், அக்கா துணி தேய்க்கிறதும் அதில்தான் என்றார். அப்படியானால் இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ தடவை பிளக் தப்பான பக்கம் விழுந்திருக்கும். நான் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டினார்.

“மச்சான் சொன்னாரு, இந்தக் கடையில ஒரு பயந்த ஆளு இருக்காருன்னு. ஒரு மாசமா வாசிக்கிறாண்ணே, இம்புட்டுக்கூட ஒண்ணும் ஆகல.”

ஆனையூரில்

டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முதலாளியிடம் ஒரு வரியில் சொன்னேன். அவர் போ என்றார், டவுன் பஸ் ஏறினேன். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, கீரைக்கூடைகளை ஏற்றி, சில்லறைக்குச் சண்டை போட்டு, மெதுவாகப் போனது. இறங்கி ஆனையூருக்கு ஓடியே போய்விடலாமா என்று தோன்றியது. வழி முழுவதும் மோட்டார் ரூம்தான் கண்ணில் நின்றது. சித்தப்பாவின் முகம் இல்லை, அவர் கை. ஒரு மாதமாக ஒன்றும் ஆகவில்லை என்று எட்வின் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை, அதிகப் பயமாக இருந்தது. ஏன் ஆகவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

பில் போட்டபோது எழுதிய விலாசம் ஞாபகம் இருந்தது. தெருமுனையில் திரும்பும்போதே கிதார் சத்தம் கேட்டது. கடையில் வாசித்த அதே மெட்டு, இப்போது தடுமாற்றம் இல்லாமல். ஆள் உயிரோடு இருக்கிறாள் என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷம் மெட்டு நின்றது. நின்ற பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை. ம்ம்ம் என்று அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி. இரைச்சல்.

கேட்டைத் தள்ளினேன். ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. கிரேஸ் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கிதார், காலில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. சுவரோரம் தேய்த்து மடித்த துணிகள். அவள் அம்மா வாளியும் துணியுமாகத் தரையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலி பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். துடைத்த தரையில் செருப்போடு மிதிக்காதே, வீட்டுக்குள் செருப்பு போடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது, கழற்று என்று. தினமும் நடக்கிற சண்டை என்று குரலிலேயே தெரிந்தது. இரைச்சலுக்காகப் பிளக்கைத் திருப்ப எழுந்திருக்கப் பார்த்த கிரேஸ், முனகிக்கொண்டே ஒரு செருப்பை உதறினாள். இடது கை இன்னும் கம்பி மேல் இருந்தது. அந்தக் கால் நாற்காலிச் சட்டத்தில் இருந்தது. கீழே தரை பளபளவென்று ஈரமாக இருந்தது.

கத்தினால் பதறிப்போய்க் காலை ஊன்றிவிடுவாள். உள்ளே ஓட நேரமில்லை. என் பக்கத்தில் வராந்தாச் சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. துருப்பிடித்த இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி. எங்கள் மோட்டார் ரூமில் இருந்ததும் இதே மாதிரிப் பெட்டிதான். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. பயந்தேன், அதை மறைப்பதற்கில்லை. சின்ன வயதில் அந்த வாசலில் பயந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். கை வியர்த்திருந்தது, வேட்டியில் துடைக்கக்கூட நேரம் இல்லை. உள்ளங்கையாலேயே பிடித்துக் கீழே இழுத்தேன்.

இரைச்சல் நின்றது. மின்விசிறி சுற்று குறைந்து நின்றது. கிரேஸின் வெறுங்கால் ஈரத்தரையில் இறங்கியது, ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் போய்விட்டதே என்று சொல்லிக்கொண்டு உள் அறையிலிருந்து தேவசகாயம் சார் வெளியே வந்தார். வராந்தாவில் மெயின் சுவிட்ச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அதை விட முடியாமல் நான் நின்றிருந்தேன். இந்தத் தடவை கையை விடாமல் வைத்திருந்தது கரண்ட் இல்லை, பயம்தான்.

கிதாரை வாங்கி நாற்காலியில் கிடத்தி, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மெயினைப் போட்டு, கம்பியில் டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் சொருகிக் காட்டினேன். இரைச்சல் நின்றது, விளக்கும் அணைந்தது. மறுபடி பழையபடி சொருகினேன், இரண்டும் வந்தன. வாத்தியாருக்கு அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் மனைவி வாளியை அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கழற்று கழற்று என்று ஒரு மாதமாகச் சண்டை போட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். பிளக்கைக் கழற்றி அந்த முறுக்கை நான் பிரித்தேன். பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போகிறேன், வீட்டுக்கு எர்த் போட்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சார் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தார்.

கிளம்புவதற்கு முன் கிரேஸிடம் கேட்டேன். எல்லாரும் வீட்டுக்குள் செருப்பில்லாமல் இருக்கும்போது, அம்மாவிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு நீ மட்டும் ஏன் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசித்தாய் என்று. உதறிய செருப்பை மறுபடி காலில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“கடையில தொட்டுக் காட்டும்போது ஒங்க கை நடுங்குச்சுல்லண்ணே. கரண்ட்டப் பத்தித் தெரிஞ்சவரே இம்புட்டுப் பயப்படுறாரே, எனக்கு என்ன தெரியும்னுட்டு அன்னையிலருந்து செருப்பக் கழட்டாமத்தான் வாசிக்கிறேன்.”

அதற்குப் பிறகு கடையை விடுகிறவரை நான் சிரித்துக்கொண்டே தொட்டுக் காட்டவில்லை. பெட்டி கொஞ்சம் குறைவாக விற்றது, வாங்கிப்போனவர்கள் எல்லாரும் நன்றாகப் பயந்துகொண்டு நல்லபடியாக வாசித்தார்கள்.